புல் என்றால் வெறும் புல்தானா? பாசிர் கூடாங் லாலாங் முதல் நீலகிரி மலை வரை ஒரு விளக்கம்

பாசிர் கூடாங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? துறைமுகம், ரசாயன ஆலைகள், செம்பனை எண்ணெய்த் தொட்டிகள், கனரக லாரிகள். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் பட்டத் திருவிழா என்பார்கள். 1995-இல் தொடங்கிய அந்த அனைத்துலகப் பட்டத் திருவிழாவால் புகழ்பெற்ற புக்கிட் லாயாங்-லாயாங் குன்றில் பட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. வானத்தில் பறக்கும் பட்டத்தை எல்லாரும் பார்த்திருப்போம். காலுக்குக் கீழே இருந்த புல்லை யாராவது பார்த்தோமா?

பார்த்திருக்க மாட்டோம். புல் என்பது நமக்குப் பின்னணிதானே. வளர்ந்தால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். தாமானில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டால் உடனே ஒரு படம் எடுத்து மாநகர மன்றத்துக்குப் புகார் அனுப்புகிறோம்.

ஆனால் உலகின் பல இடங்களில் இப்போது நேர்எதிரான ஒரு வேலை நடக்கிறது. அழிந்துபோன உள்ளூர்ப் புல்லை விதை சேகரித்து, நாற்றுப் போட்டு, ஒவ்வொரு தூராக நட்டு மறுபடியும் வளர்க்கிறார்கள். காட்டு ஆட்டுக்காக, குருவிக்காக, வண்ணத்துப்பூச்சிக்காக, கடைசியில் நமக்கு வரும் தண்ணீருக்காகவும். தமிழ்நாட்டின் நீலகிரியிலும் இது நடக்கிறது.

அந்தப் பாடம் ஜொகூரின் ஒரு தொழில் நகரத்துக்குப் பொருந்துமா? எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் காலடியில் இருப்பது எந்த ஊர்ப் புல்?

முதலில் ஒரு சின்ன அதிர்ச்சி. பள்ளித் திடல், சாலையோரம், வீட்டு முன்வாசல் என்று மலேசியாவில் நாம் அதிகம் மிதிக்கும் அகன்ற இலைப் புல்லை ஆங்கிலத்தில் 'கவ் கிராஸ்' என்பார்கள். அதன் தாவரவியல் பெயர் ஆக்ஸோனோபஸ் கம்ப்ரெஸஸ். அதன் சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. நிழலைத் தாங்கும், படர்ந்து வளரும், வெட்டினாலும் சாகாது. அதனால்தான் நில வடிவமைப்பாளர்களுக்கு அது செல்லப் பிள்ளை.

சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கினிப் புல்லும், மாட்டுத் தீவனமாக வளர்க்கும் நேப்பியர் புல்லும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. ஆக, பச்சையாக இருப்பதெல்லாம் நம் ஊர்ப் பச்சை இல்லை.

அப்போ உள்ளூர்ப் புல் எது? உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்ன வயதில் திடலில் விளையாடிவிட்டு வந்தால், காற்சட்டை முழுக்கக் குத்திக்கொண்டு வருமே ஒரு விதை? மலாயில் கெமுஞ்சுப். அது நம் வட்டாரத்துப் புல். அறிவியலில் கிரைசோபோகன் குடும்பப் பெயர் கொண்டது. வெட்டிவேரும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். கடற்கரை மணலில் பாய் விரித்ததுபோல் படரும் சோய்சியா புல்லும் நம் கரையோரத்துக்குச் சொந்தமானது. இவற்றோடு இன்னொருவரும் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்டாலே பலருக்கு முகம் சுளிக்கும்.

லாலாங்: எதிரியா, உள்ளூர்க்காரரா?

லாலாங். தாவரவியல் பெயர் இம்பெராட்டா சிலிண்ட்ரிகா. ஓரம் கத்திபோல் கீறும் இலை, வெள்ளைப் பஞ்சுபோன்ற பூங்கதிர், மண்ணுக்கடியில் ஓடும் கூர்மையான வேர்த்தண்டு. மேலே வெட்டினாலும் எரித்தாலும் கீழே இருக்கும் தண்டிலிருந்து மறுபடியும் முளைக்கும்.

மலேசியத் தமிழர்களுக்கும் இந்தப் புல்லுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ரப்பர் தோட்டக் காலத்தில், இளம் ரப்பர்க் கன்றுகளின் வளர்ச்சியைக் கெடுக்கும் முதல் எதிரியாக லாலாங்கைத்தான் தோட்ட நிர்வாகங்கள் பார்த்தன. அதை வெட்டவும் தோண்டவும் வெயிலில் நின்றவர்களில் பெரும்பகுதி நம் தாத்தா பாட்டிமார்கள். பிறகு அதை அழிக்க ஆர்சனிக் கலந்த சோடியம் ஆர்சினைட் தெளிக்கப்பட்டது. அதன் பின் பாராகுவாட் போன்ற மருந்துகள் வந்தன. இரண்டுமே மனித உடலுக்குக் கடும் நஞ்சு. அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கு லாலாங் என்றால் வெறுப்பு வருவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த வெறுப்பு அரசியல் அகராதியிலும் ஏறியது. 1987 அக்டோபரில் நடந்த கைது நடவடிக்கைக்கு 'ஒப்பராசி லாலாங்' என்றே பெயர் வைத்தார்கள். களையெடுப்பு என்ற பொருள் யாருக்கும் விளக்காமலே புரிந்தது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் சடங்குகளுக்குப் பயன்படும் தர்ப்பை என்பது இதே புல்தான். வேறு சில பகுதிகளில் தர்ப்பை என்று வேறொரு புல்லைச் சொல்வார்கள். ஒரே செடி, ஓரிடத்தில் பூசைப் பொருள், ஓரிடத்தில் களை.

அமெரிக்காவில் அதே லாலாங்கின் கதை இன்னும் மோசம். 1912-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிலிருந்து பழக்கன்றுகள் ஏற்றி வந்த பெட்டிகளில் பொதிபொருளாக அது அலபாமா மாநிலத்தில் இறங்கியது. இன்று அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளூர்ப் புற்களையும் செடிகளையும் நெரிக்கும் மிக மோசமான ஊடுருவிகளில் ஒன்று அது.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு புல் நல்லதா கெட்டதா என்பது அந்தப் புல்லில் மட்டும் இல்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது, அதோடு சேர்ந்து வாழப் பழகிய உயிர்கள் அங்கே இருக்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது.

புல்லை நம்பி யார் வாழ்கிறார்கள்?

பாசிர் கூடாங் போன்ற இடத்தில், வெட்டாமல் விட்ட ஒரு புல்வெளியில் காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் நின்று பாருங்கள். தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலப் புல்வெளிகளில் வழக்கமாக வாழும் சிலரைச் சந்திக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் சில்லைகள். மலாயில் பிப்பிட். வெள்ளைத் தலைச் சில்லை, புள்ளிச் சில்லை எல்லாம் கூட்டமாக வந்து புல் கதிரில் தொங்கி விதை கொத்தும். புல்லை வெட்டிவிட்டால் கதிர் இல்லை. கதிர் இல்லையென்றால் விதை இல்லை. வாரம் தவறாமல் வெட்டிய திடல் நம் கண்ணுக்குப் பசுமை, சில்லைக்குப் பட்டினி.

அடுத்து கதிர்க்குருவி. கட்டைவிரல் அளவே இருக்கும். உயரமான புல்லின் இலைகளைச் சிலந்தி நூலால் தைத்து அதற்குள்ளே கூடு வைக்கும். வெட்டும் இயந்திரம் ஒருமுறை போனால் கூடும் போச்சு, குஞ்சும் போச்சு.

மூன்றாவது நம் தூக்கணாங்குருவி. மலாயில் தெம்புவா. ஆண் குருவி உயரமான புல்லின் இலையோரத்தைக் கொத்தி, நீளமான நாராக உரித்து எடுத்து வரும். அப்படி நூற்றுக்கணக்கான முறை பறந்து, ஒரு சுரைக்காய் வடிவக் கூட்டைப் பின்னும். பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் குடித்தனம். இந்தக் கட்டுமானத்துக்கு வேண்டிய மூலப்பொருள் முழங்கால் உயரத்துக்கும் மேல் வளரும் புல். குட்டையாக வெட்டிய கவ் கிராஸில் அந்த நார் கிடைக்காது.

வண்ணத்துப்பூச்சிகள் என்றால் பூ மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஆனால் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்கள் தின்பது புல் இலையைத்தான். மாலையில் வீட்டு விளக்கடியில் காய்ந்த இலைபோல் உட்கார்ந்திருக்குமே, அந்த 'மெலனைட்டிஸ் லீடா'வும் அந்த வகைதான்.

புழு, வெட்டுக்கிளி, எலி என்று இவ்வளவு இருந்தால் அவற்றைத் தின்பவர்களும் வருவார்கள்தானே? ஒரே இடத்தில் சிறகடித்தபடி மிதந்து நின்று எலியைக் குறிவைக்கும் கருந்தோள் பருந்து, தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, இரவில் கூகை. ஒரு புல் திட்டு ஒரு முழு உணவுச் சங்கிலியையே தாங்குகிறது.

அமெரிக்கப் பிரெய்ரி சொல்லும் பாடம்

உள்ளூர்ப் புல்லை மறுபடி வளர்ப்பது என்ற யோசனை பெரிய அளவில் பேசப்படுவது வட அமெரிக்காவின் பிரெய்ரி சமவெளிகளில். ஒரு காலத்தில் அங்கே சுமார் 17 கோடி ஏக்கரில் உயரமான புல்வெளி இருந்தது. உழுது மக்காச்சோளமும் சோயாவும் விதைத்ததில், இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தப் புல்வெளியின் நாயகன் 'பிக் புளூஸ்டெம்' என்ற புல். மனிதனைவிட உயரமாக வளரும். மண்ணுக்குக் கீழே அதன் வேர் அதைவிட ஆழமாகப் போகும். கோடையில் மேலே எல்லாம் காய்ந்தாலும் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். மக்காச்சோள வயலில் பத்தில் ஒரு பங்கு நிலத்தை மட்டும் எடுத்து, அதில் உள்ளூர்ப் பிரெய்ரி புற்களையும் பூச்செடிகளையும் பட்டைபட்டையாக வளர்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவுகளின்படி, மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளின் எண்ணிக்கை சுமார் மூன்றரை மடங்கு கூடியது. பறவை வகைகள் இரு மடங்குக்கும் மேல். வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண்ணின் அளவும் பெருமளவு குறைந்தது.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்றுதான். முழு நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சிறு பங்கைச் சரியான இடத்தில், சரியான செடிகளோடு கொடுத்தாலே பலன் தெரியும்.

நீலகிரி: மரம் நட்டதே பிரச்சினையான இடம்

இப்போது நமக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். ஊட்டி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? உயர்ந்த தைல மரங்கள், பைன் காடு, பழைய தமிழ்ப் படப் பாடல்கள். அந்தத் தைல மரமும் பைன் மரமும் நீலகிரியின் சொந்த மரங்கள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டருக்கு மேலே இருந்த இயற்கை அமைப்பு வேறு. பள்ளங்களில் குட்டையான அடர்ந்த சோலைக் காடு. மேட்டிலும் சரிவிலும் பரந்த புல்வெளி. இரண்டும் மாறிமாறி வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த புல்வெளி அது. தோடர்களின் எருமைகள் மேய்ந்தது அங்கேதான். தோடர்களின் கோயில் கூரைக்கு வேய்வதே நீலகிரிச் சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லால். அந்தப் புல் இல்லையென்றால் அந்தக் கூரையும் இல்லை.

பிரிட்டிஷ் அதிகாரிகள் கண்ணுக்கு அந்தப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விறகு வேண்டும், தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு அதே வழியில் போனது. நட்ட மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. சீகை விதைகள் பரவி, யாரும் நடாத புல்வெளியையும் விழுங்கத் தொடங்கின.

எவ்வளவு இழந்தோம்? செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போனது. மரத்தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம்.

யார் பாதிக்கப்பட்டார்கள்?

வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில் ஏறும், புல்வெளியில் மேயும் காட்டு ஆடு. புல்வெளி துண்டுதுண்டானபோது வரையாட்டுக் கூட்டங்களும் துண்டுபட்டன. 

நீலகிரி நெட்டைக்காலி. இந்த மலைப் புல்வெளியை விட்டால் உலகில் வேறெங்கும் போக்கிடம் இல்லாத சின்னப் பறவை.

குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வளர்வது இந்தப் புல்வெளிச் சரிவுகளில். 2018-இல் பூத்தது. 

தண்ணீர். நீலகிரியின் கிளென்மார்கன் பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வில், புல்வெளியில் தைல மரம் நட்ட முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடையில் வரும் நீரின் அளவு சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் நட்டால் மழை வரும், தண்ணீர் பெருகும் என்று பள்ளியில் படித்தோமே? எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

புல்லை மறுபடி வளர்ப்பது எப்படி?

தமிழ்நாடு அரசு 2022-இல் இரண்டு முக்கிய அறிவிப்புகளை வெளியிட்டது. ஒன்று, அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கான கொள்கை. மற்றொன்று, 25.14 கோடி ரூபாய் மதிப்பிலான வரையாடு பாதுகாப்புத் திட்டம். வரையாடு வாழும் புல்வெளிகளை மீட்பதும் அதில் ஒரு பகுதி.

சரி, சீகை மரத்தை வெட்டிவிட்டால் புல் தானாக வந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கக்கூடியது. மரத்தை வெட்டியதும் வெளிச்சம் படும், உறங்கிய விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும். ஒரு மரம் போன இடத்தில் நூறு கன்று. அதனால் வேலை இப்படிப் படிப்படியாகப் போகிறது:

• மிஞ்சியிருக்கும் நல்ல புல்வெளியை முதலில் காப்பாற்றுவது. அங்கே எட்டிப்பார்க்கும் சீகைக் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குவது.

• அந்தப் புல்வெளியிலிருந்து விதையைக் கையால் சேகரிப்பது, அல்லது தூரைப் பிரித்து நாற்றங்காலில் வளர்ப்பது.

• அயல் மரங்களை அகற்றிய இடத்தில் மழைக்காலத்தில் புல் தூர்களை நடுவது. ஒரே வகை இல்லை, பல வகைகள்.

• பிறகு ஆண்டுக்கணக்கில் களையெடுப்பது. இதுதான் கடினம். நடும் நாளில் படம் எடுக்க எல்லாரும் வருவார்கள். மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்குக் கூட்டம் வராது.

எல்லா மரத்தோட்டத்தையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமா என்றால், அதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே வெட்டினால் இருப்பதும் போகும். அதனால், ஊடுருவல் இப்போதுதான் தொடங்கியிருக்கும் இடங்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே செலவும் குறைவு, வெற்றி வாய்ப்பும் அதிகம்.

பலன் தெரிகிறதா? 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. 2025-இல் அது 1,303. கணக்கெடுத்த பகுதிகள் விரிந்ததும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். எனவே இதை முழு வெற்றி என்று இப்போதே கொண்டாட முடியாது. ஆனால் திசை சரி.

அப்போ ஜொகூரிலும் புல்வெளி உருவாக்கலாமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. நீலகிரியை அப்படியே பாசிர் கூடாங்கில் ஒட்ட முடியாது.

நீலகிரியில் புல்வெளி ஆதி வாசி. மரத்தோட்டம் வந்தேறி. ஜொகூர் தாழ்நிலத்தில் கதை தலைகீழ். இங்கே ஆதியில் இருந்தது மழைக்காடும், ஆற்று முகத்துவாரங்களில் அலையாத்திக் காடும். காட்டை அழித்து, தோட்டம் போட்டு, கைவிட்ட பிறகு வருவதுதான் பெரும்பாலான லாலாங் காடு. அடிக்கடி தீப்பிடித்தால் அது அங்கேயே தங்கிவிடும், மரக்கன்றை எழவிடாது. ஆகவே இருக்கும் காட்டையோ அலையாத்தியையோ எடுத்துவிட்டுப் புல் வளர்ப்பது பைத்தியக்காரத்தனம். 2021 முதல் 2025 வரை பத்துக் கோடி மரம் நடுவோம் என்று மலேசியா இலக்கு வைத்தது. அழிந்த காட்டில் மரம் நடுவது இங்கே சரியான வேலைதான்.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. காடாக மாறவே போவதில்லை என்று முடிவான நிலங்கள் ஒரு தொழில் நகரத்தில் ஏராளம். மின்கம்பி வழித்தடங்கள், எண்ணெய்க் குழாய் வழித்தடங்கள், வடிகால் ஓரங்கள், நெடுஞ்சாலைச் சரிவுகள், தொழிற்சாலைகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளிகள், ஆலை கட்டக் காத்திருக்கும் காலிமனைகள். பாதுகாப்புக் காரணத்தால் பல இடங்களில் பெரிய மரம் வைக்கவும் முடியாது. எப்படியும் புல்தான் இருக்கப்போகிறது. அப்படியானால் அது உயிர்களுக்குப் பயன்படும் புல்லாக இருக்கட்டுமே? இதுதான் உண்மையான கேள்வி.

பாசிர் கூடாங் 2020 நவம்பரில் மாநகராக உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 மார்ச்சில், கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டிய ரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் உடல்நலம் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை இந்த ஊர் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். புல் நட்டால் அந்த மாதிரி குற்றம் நிற்காது. அதற்குச் சட்ட அமலாக்கம்தான் வழி. ஆனால் தன் ஊரில் எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று தெரிந்த தலைமுறை, ஆற்றில் நிறம் மாறினாலும் முதலில் கவனிக்கும்.

நீரிணைக்கு அக்கரையில் என்ன செய்தார்கள்?

பாசிர் கூடாங் கரையில் நின்றால் எதிரே தெரிவது சிங்கப்பூரின் புலாவ் உபின். நிலத்துக்குத் தங்க விலை கொடுக்கும் அந்த ஊரிலேயே புல்லுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜூரோங் லேக் கார்டன்ஸின் ஒரு பகுதியான, 53 ஹெக்டேர் லேக்சைட் கார்டன் 2019-இல் திறக்கப்பட்டது. அதற்குள்ளே உயரமான புல்வெளிக்கென்றே ஒரு பகுதி உண்டு. லாலாங் உட்பட உயரமான புற்கள், நடுவே நடைபாதை. சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் வாழ ஏற்ற இடம். வார இறுதியில் அங்கே கேமராவோடு போகிறவர்கள் பலர். களை என்று நாம் ஒதுக்கும் புல் அங்கே பார்வையிடும் இடமாகிவிட்டது.

பாம்பு வராதா? டெங்கி வராதா? தீ?

வீட்டில் பேச்செடுத்தால் முதலில் வரும் மூன்று கேள்விகள் இவை. மூன்றுமே நியாயமானவை.

பாம்பு: உயரமான புல்லில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரலாம். அதனால் வீட்டுச் சுவரை ஒட்டியோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ உயரப் புல் கூடாது. நடைபாதையின் இருபுறமும் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குக் குட்டையாக வெட்டி வைத்தால் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

டெங்கி: ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், புல்லில் இல்லை. ஆனால் உயர்ந்த புல் குப்பையை மறைக்கும். புல்லுக்குள் வீசிய நெகிழிக் குவளையும் பழைய டயரும்தான் கொசுப் பண்ணை. ஆக, இது புல் பிரச்சினையைவிடக் குப்பைப் பிரச்சினை.

தீ: இதுதான் மூன்றிலும் பெரியது. காய்ந்த லாலாங் பெட்ரோல்போல் எரியும். ரசாயன ஆலைகள் இருக்கும் ஊரில் இதில் சமரசமே கிடையாது. ஆலை வேலி, எண்ணெய்த் தொட்டி, குழாய் வால்வு பக்கத்தில் லாலாங் வளர்க்கக் கூடாது. மற்ற இடங்களிலும் திட்டுகளுக்கு நடுவே வெட்டிய பாதைகள் தேவை. திறந்தவெளி எரிப்பு 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு, பலர் வெளியே சொல்ல மாட்டார்கள்: "பார்க்க அசிங்கமா இருக்கே?" இதற்கு அமெரிக்க நிலவடிவமைப்பு ஆய்வாளர் ஜோன் நாசாவர் 1995-லேயே ஒரு வழி சொன்னார். உள்ளே காடுபோல் இருக்கட்டும், ஓரம் மட்டும் நேர்த்தியாக இருக்கட்டும். ஓரத்தை வெட்டி, ஒரு சின்னப் பலகை வைத்தால், "யாரோ கவனித்துத்தான் விட்டிருக்கிறார்கள்" என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். கைவிட்ட நிலம் என்ற எண்ணம் வராது.

பாசிர் கூடாங்கில் எதைச் செய்யலாம்?

பெரிய திட்டம், பெரிய பணம் எதுவும் தேவையில்லாத சில வழிகள் இவை.

பள்ளியில்: திடலின் ஒரு மூலையை மட்டும், வகுப்பறையிலிருந்து தள்ளி, வெட்டாமல் விட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் என்ன முளைத்தது, என்ன வந்தது என்று மாதம் ஒருமுறை பட்டியல் எடுங்கள். அறிவியல் விழாவுக்கு இதைவிட மலிவான, நேர்மையான ஆய்வு கிடைக்காது.

தாமானில்: முழுத் திட்டையும் ஒரே நாளில் வெட்டாமல், பாதி இந்த மாதம், மீதி அடுத்த முறை என்று மாற்றி வெட்டச் சொல்லிக் கேட்கலாம். விரட்டப்பட்ட பூச்சிக்கும் குருவிக்கும் பக்கத்திலேயே ஒதுங்க இடம் இருக்கும். பிரிட்டனில் 2019 முதல் மே மாதம் முழுக்கப் புல் வெட்டாமல் விடும் இயக்கம் ஒன்று நடக்கிறது. அது அந்த நாட்டு வசந்த காலத்துக்கான கணக்கு. நமக்கு வசந்தம் கிடையாது, ஆண்டு முழுக்க வளர்ச்சிதான். அதனால் மாற்றி வெட்டும் முறைதான் நமக்குப் பொருந்தும்.

நடுவதாக இருந்தால்: லாலாங்கை நீங்களாக நட வேண்டாம். ஏற்கனவே இருக்கும் இடத்தில், பாதுகாப்பான திட்டை விட்டுவைத்தால் போதும். புதிதாக வளர்ப்பதற்குக் கெமுஞ்சுப், கரையோர மணலுக்குச் சோய்சியா போன்ற உள்ளூர்ப் புற்கள் நல்ல தொடக்கம். பக்கத்து நிலத்திலிருந்து, உரிமையாளர் அனுமதியோடு, தூரைப் பிரித்து எடுத்து, ஆண்டின் கடைசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தரையை நனைக்கும்போது நட்டால் எளிதில் வேர்பிடிக்கும்.

தவிர்க்க வேண்டியது: அழகான பூங்கதிர் என்று இணையத்தில் விற்கும் அயல்நாட்டு அலங்காரப் புல் விதைகள். நீலகிரிச் சீகையும் ஒரு காலத்தில் நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்து நட்ட செடிதான்.

கடைசியாக

நீலகிரியில் நடந்த தவறின் வேர் எங்கே? ஒரு நிலத்தைப் பார்த்து "இங்கே ஒண்ணுமே இல்ல" என்று சொன்னதில். வரையாடு மேய்ந்தது, எருமை மேய்ந்தது, குறிஞ்சி பூத்தது, ஓடை ஓடியது. ஆனால் கணக்கு எழுதியவருக்கு அது தரிசு. அதைச் சரிசெய்ய இன்று தூர் தூராக நட வேண்டியிருக்கிறது.

பாசிர் கூடாங்கில் நம் கண்முன்னே இருக்கும் காலிமனையையும் நாம் அதே வார்த்தையால்தான் அழைக்கிறோம். காலி. அது உண்மையில் காலியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு காலையில் போய் நின்று பார்ப்பது.

தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. அடுத்த முறை சாலையோர மரத்தில் அந்தக் கூட்டைப் பார்த்தால், அதைப் பின்னிய நார் எங்கிருந்து வந்திருக்கும் என்று சுற்றிலும் தேடிப் பாருங்கள். பக்கத்தில் எங்கோ, யாரும் இன்னும் வெட்டாத கொஞ்சம் புல் இருக்கும்.